ஓட்டை இருந்தால் சொல்லுங்க, மாப்பிள்ளை

"நானா, அந்த மணிக்கூட்டை உள்ள வைங்க. அது நமக்கு உதவாது."

பெரியசாமி முதலாளி இப்படிச் சொன்னதும் கடையில் இருந்த எல்லோரும் பேச்சை நிறுத்தினோம். காரணம், நாங்கள் அண்ணன் முறையில் நானா என்று அழைக்கும் ஹனிபா, முதலாளியின் கட்சி. கடவுள் உண்டு என்று வாதாடத்தான் அவர் தன் மணிக்கூட்டுக் கடையைப் பூட்டிவிட்டு, ஒரு பழைய சட்டைப்பை மணிக்கூட்டோடு பக்கத்துக் கடைக்கு வந்திருந்தார். கடவுள் இல்லை என்பவன் எதிரே முக்காலியில் உட்கார்ந்து பாலில்லாத பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தான். அவன் இன்னும் வாயே திறக்கவில்லை.

"ஏன் முதலாளி உதவாது? போன கிழமையும் நான் இதத்தானே சொன்னேன்?"

"அதான் நானா. போன கிழமையே தம்பி அதுல ஓட்டை காட்டிட்டாரு. நானும் யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன். அடைக்க முடியல."

நானா மணிக்கூட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். முக்காலியில் இருந்தவனுக்கும் முகம் தொங்கிப்போனது. வென்றவன் முகம் அப்படித் தொங்கி அதற்கு முன் நான் கண்டதில்லை.

பஸ் நிலையத்தைப் பற்றி இந்தப் பத்தியில் சென்ற வாரம் எழுதியபோது வசந்தா என்ற ஆசிரியையின் பெயர் ஒரே வரியில் வந்து போனது. அந்த வரிக்குப் பின்னால் இருந்த கதை இது.

துணி இல்லாத துணிக்கடை

பாண் ரொட்டிக்கு விடியற்காலையில் வரிசையில் நின்ற காலம். சீனி பங்கீட்டில் வந்ததால், உள்ளங்கையில் கொஞ்சம் வைத்து நக்கிக்கொண்டு பிளேன்டீ குடிப்போம். துணி இறக்குமதி நின்று போயிருந்தது. கண்டிக் கடைவீதியில் பெரியசாமி முதலாளியின் துணிக்கடை திறந்துதான் இருந்தது. ஆனால் தட்டுகள் வெறிச்சென்று இருந்தன. வாடிக்கையாளர் வந்து, தட்டுகளைப் பார்த்து, முதலாளியைப் பார்த்து, "சும்மா வந்தேன்" என்று சொல்லிப் போவார்கள்.

ஆகவே கடையில் வாதத்துக்கு நிறைய நேரம் இருந்தது.

கல்லாவுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி அலுமாரி. அதில் ஒரேயொரு பட்டு வேட்டி, அகலச் சரிகைக் கரையோடு, அந்துருண்டை வாசத்துக்குள் படுத்திருந்தது. பலர் கேட்டார்கள். முதலாளி விற்கவில்லை. "அது என் மருமகனுக்கு" என்பார். மருமகன் யார் என்பதுதான் அப்போது தீராத பிரச்சினை.

வசந்தா அவருடைய ஒரே மகள். இப்போது நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடக்கும் பழைய தெல்தெனியவில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தாள். முக்காலியில் இருந்த குணசேகரன் என் நண்பன். கண்டி மாநகரசபையில் நீர் வழங்கல் பகுதிக் கிளார்க். அவன் வீடு தெல்தெனிய வீதியில். காலையில் அவன் கண்டியில் இறங்கும் பஸ்ஸில்தான் அவள் தெல்தெனியவுக்கு ஏறுவாள். அவள் ஏறும்வரை இறங்காமல் ஜன்னல் சீட்டைப் பிடித்து வைத்திருப்பது அவன் வழக்கமாயிற்று. இரண்டு மழைக்காலம் இப்படிப் போனது. கந்தோர் வேலைக்கு அவன் நேரத்துக்குப் போனதாக நினைவில்லை.

முதலாளிக்குப் பையனைப் பிடித்திருந்தது. சாதகம்கூடப் பொருந்தியது. அவன் சாதகத்தை நம்பாதவன் என்பதால் அது பொருந்தியதில் அவனுக்கு மகிழ்ச்சியும் இல்லை, வருத்தமும் இல்லை. எல்லாம் முடியும் நேரத்தில் முதலாளி கேட்டார்: "கல்யாணம் கோயில்லதான். சரிதானே தம்பி?"

"எங்க வேணும்னாலும் நிக்கிறேன் முதலாளி. ஆனா எனக்கு நம்பிக்கை இருக்குன்னு மட்டும் சொல்லச் சொல்லாதீங்க. பொய்யாப் போயிரும்."

கற்பூரத்தின் மேல் ஒரு சத்தியம்

வத்தேகம வீதியில் இருந்த ஒரு சிறிய அம்மன் கோயிலுக்கு முதலாளி தர்மகர்த்தா. கோயில் கூட்டத்தில் யாரோ கேட்டுவிட்டார்கள்: "தர்மகர்த்தா வீட்டுக்கே நாத்திகன் மருமகனா?" முதலாளிக்கு ரோசம் வந்துவிட்டது. சந்நிதியில் கற்பூரத்தை ஏற்றி, அதன் மேல் அடித்துச் சத்தியம் செய்தார்.

"தேர் இழுக்கறதுக்குள்ள அந்தத் தம்பிய இந்தக் கோயில்ல வச்சு, லாவணி முறைப்படி பதில் பேச முடியாம நிக்க வைக்கிறேன். முடியலைன்னா பொண்ணு இல்ல."

கற்பூரச் சத்தியம் எங்கள் மக்களிடையே விளையாட்டு அல்ல. கோர்ட்டில் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னவர்களை நான் செய்தியாளன் என்ற முறையில் நிறையப் பார்த்திருக்கிறேன். கற்பூரத்தில் அடித்துவிட்டு மாறியவரைப் பார்த்ததில்லை.

"லாவணி முறைப்படி" என்று அவர் சொன்னதற்கும் காரணம் உண்டு. முதலாளி தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். மாசியில் காமன் கூத்து நடக்கும்போது, சிவன் பார்வையில் காமன் எரிந்தானா இல்லையா என்று இரண்டு கட்சி உட்கார்ந்து, டேப் என்ற கைப்பறையை அடித்துப் பாட்டிலேயே வாதாடும். அதுதான் லாவணி. எரிந்த கட்சி கேள்வி போடும், எரியாத கட்சி பதில் போடும். பதில் வராத கட்சி தோற்றது. அவ்வளவுதான் சட்டம். முடிவில், மனக்கசப்பு நிற்கக்கூடாது என்று வென்ற வாத்தியார் தோற்ற வாத்தியாருக்குத் துணி போர்த்திவிடுவார்.

பெரியசாமி இளவயதில் பெயர்போன லாவணி வாத்தியார். ஒருமுறை குணசேகரன் அவரைக் கேட்டான்: "அப்ப காமன் எரிஞ்சானா, இல்லையா?"

"நான் எந்தப் பக்கம் உக்காந்திருக்கேன்கிறதப் பொறுத்தது தம்பி. ரெண்டு பக்கமும் ஜெயிச்சிருக்கேன்."

அவருடைய தொல்லை இங்கேதான் தொடங்கியது. இரண்டு பக்கமும் இருந்து பாடியவருக்கு, ஒரு வாதம் எந்த இடத்தில் ஒழுகும் என்று கேட்டவுடன் தெரிந்துவிடும். எதிரியின் வாதமானாலும் சரி, தன் வாதமானாலும் சரி.

முதலாளியின் படை

அவருடைய பக்கத்தில் இரண்டு பேர். ஒருவர் ஹனிபா நானா. மற்றவர் சிற்றம்பலம் மாஸ்டர், கண்டியிலேயே தங்கிவிட்ட யாழ்ப்பாணத்து ஓய்வுபெற்ற ஆசிரியர். சுருட்டும் தர்க்கமும் அவருக்கு உயிர். நான் ஓரத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருப்பேன். நடுவர் வேலை வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன்.

நானாவின் மணிக்கூட்டு வாதம் எல்லோரும் அறிந்ததுதான். இவ்வளவு சின்ன மணிக்கூட்டுக்கே செய்தவன் ஒருவன் இருக்கும்போது, இவ்வளவு பெரிய உலகத்துக்குச் செய்தவன் இருக்க மாட்டானா?

"இந்த மணிக்கூட்டை ஒரே ஆளா செஞ்சாரு நானா?"

"அது எப்படித் தம்பி? முள்ளு ஒருத்தன், சுருள் ஒருத்தன், கண்ணாடி ஒருத்தன்."

"அவங்கள்லாம் இப்ப உயிரோட இருக்காங்களா?"

"பழைய சாமானாச்சே. மௌத்தாகியிருப்பாங்க."

"அப்ப உலகத்தையும் பல பேர் சேர்ந்து செஞ்சு, செத்தும் போயிட்டாங்கன்னு வச்சுக்கலாமா?"

"தவ்பா! தவ்பா! ஒராள்தான் தம்பி, ஒராள்தான்!" என்று நானா காதைப் பொத்திக்கொண்டார். பல பேர் என்பதில் முதலாளிக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. செத்துப்போனார்கள் என்பதுதான் உதைத்தது.

மாஸ்டர் வேறு வழியில் வந்தார். "கடவுள் இல்லை எண்டு நீர் நிரூபியும் பாப்பம். ஏலாது. ஏலாதெண்டால் இருக்கிறார் எண்டுதானே கருத்து?"

"மாஸ்டர், எங்க கந்தோருக்கு ஒருத்தர் வந்து, என் வீட்டுக் குழாயில பால் வருது, வரலைன்னு நீ நிரூபிங்கிறாரு. நான் என்ன செய்யறது? வருதுன்னு சொல்றவர்தானே திறந்து காட்டணும்?"

மாஸ்டர் சுருட்டைப் பற்றவைத்தார். யோசிக்க வேண்டியபோது மட்டுமே அவர் சுருட்டைப் பற்றவைப்பார் என்பதை நான் கவனித்திருக்கிறேன். அந்த மாதங்களில் அவருக்குச் சுருட்டுச் செலவு கூடியது.

முதலாளி தன் பங்குக்கு, "உலகத்துல இத்தனை கோடிப் பேர் கும்பிடறாங்களே, எல்லாரும் முட்டாளா?" என்று கேட்டார். கேட்டவர் தானே சட்டென்று வாசலைப் பார்த்தார். அன்று பௌத்தர்களின் பெரஹெரா ஊர்வல நாள். ஊரிலுள்ள நடைபாதை எல்லாம் சனம் பாய் விரித்து இடம் பிடித்திருந்தது. "வேணாம், விடுங்க" என்றார். "கூட்டத்தக் கணக்குப் பாத்தா இந்த ஊர்ல நான் கோயிலையே மாத்த வேண்டியிருக்கும்."

கொழும்பு வீதியில் மலை இறங்கும் கடுகண்ணாவை வளைவை வைத்து ஒரு வாதமும் வந்தது. இது கண்டிக்காரர்களுக்கே உரியது.

"கடுகண்ணாவை எறக்கத்துல பஸ்ஸுக்கு பிரேக் போயிருது. யாரக் கூப்பிடுவீங்க தம்பி? உண்மையச் சொல்லுங்க."

"'அம்மா'ன்னு கத்துவேன் முதலாளி."

"பாத்தீங்களா! அம்மா! அம்மன்!"

"எங்கம்மாவ. அவங்க வீட்ல ஈரப்பலாக்காய் நறுக்கிட்டு இருப்பாங்க. நான் கத்தினேங்கிறதுக்காக அவங்க பஸ்ஸுக்குள்ள இருக்காங்கன்னு ஆயிருமா?"

முதலாளி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். சிரித்த பிறகுதான் தான் தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்கு நினைவு வந்தது.

தோற்க முடியாத துன்பம்

கார்த்திகை மழை விட்டது. பனி வந்தது. தேருக்கு நாள் நெருங்கியது. மாத்தளையில் இருந்து ஒரு வியாபாரி குடும்பம், வசந்தாவைப் பெண் கேட்டுத் தரகரை அனுப்பியது. தரகர் அலுமாரியில் இருந்த பட்டு வேட்டியைக் கண்ணால் அளந்ததை நான் பார்த்தேன். குணசேகரனும் பார்த்தான்.

அன்றிலிருந்து கடையில் நடந்ததை வேறெங்கும் கண்டதில்லை. முதலாளிக்கு ஓட்டையில்லாத ஒரு வாதம் வேண்டும். குணசேகரனுக்கு, தன்னை நேர்மையாகத் தோற்கடிக்கும் ஒரு வாதம் வேண்டும். இருவரும் சேர்ந்து தேட ஆரம்பித்தார்கள்.

ஒரு மாலை குணசேகரன் அவசரமாக வந்தான். "முதலாளி, ஒண்ணு யோசிச்சேன். இதக் கேட்டுப் பாருங்க. எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்கணும்ல? அந்தக் காரணத்துக்கு ஒரு காரணம். அப்படியே பின்னால போனா, மொதக் காரணம்னு ஒண்ணு வேணுமே?"

முதலாளி கல்லாவிலிருந்து எழுந்தே விட்டார். "நல்லாயிருக்கே! இருங்க, இருங்க." நின்றபடியே யோசித்தார். மெல்ல உட்கார்ந்தார். "ஆனா, அந்த மொதக் காரணத்துக்கு யாரு காரணம்னு கேப்பீங்களே?"

"கேப்பேன்."

"கேக்காம இருக்க முடியாதா?"

"முடியல முதலாளி."

இரண்டு பேரும் வெறுந்தட்டுகளைப் பார்த்தபடி இருந்தார்கள்.

தன் படைக்கு முதலாளி இப்போது குணசேகரனைவிடக் கடுமையான எதிரியாகிவிட்டார். மாஸ்டர் ஒருநாள், "எதுக்கும் கும்பிட்டு வையுமன். இல்லாட்டில் நட்டமில்லை. இருந்துட்டால் லாபம்" என்றார். குணசேகரன் பதில் சொல்லுமுன் முதலாளி பாய்ந்தார்: "மாஸ்டர், அம்மன் என்ன கண்ணு தெரியாதவளா? எதுக்கும் இருக்கட்டும்னு கும்பிடறவன அவளுக்குத் தெரியாது? அதோட, எந்தச் சாமியக் கும்பிட்டு வைக்கிறது? உங்க சாமியா, நானா சாமியா?"

மாஸ்டரும் நானாவும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இத்தனை மாதம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தும் இந்தக் கேள்வி அவர்களுக்கு இடையில் வந்ததில்லை.

"சாமி பயம் இல்லாட்டி மனுசன் களவெடுப்பான், கொலை செய்வான்" என்று நானா பேச்சைத் திருப்பினார்.

"அப்ப சாமி இல்லைன்னு நாளைக்குத் தெரிஞ்சிட்டா, முதலாளி உங்க கடைய உடைப்பாரா நானா?" என்றான் குணசேகரன்.

முதலாளி நேர்மையாக யோசித்தார். "இல்ல தம்பி. நானா பாவம்."

கடைசியாக மாஸ்டர் ஒரு துருப்பைப் போட்டார். முந்திய ஆண்டு குணசேகரனின் தாய்க்கு முழங்கால் வாதம். நேர்த்தி வைத்த பால்குடத்தை அவரால் தூக்க முடியவில்லை. மகன்தான் தலையில் சுமந்து கோயில்வரை நடந்தான். ஊரே பார்த்தது. "நம்பிக்கை இல்லாதவர் ஏன் சுமந்தனீர்?"

"நேர்த்தி அம்மாவோடது மாஸ்டர். காலு என்னோடது."

அப்போது பள்ளிக்கூடம் விட்டு வந்த வசந்தா, நனைந்த குடையை வாசலில் உதறிக்கொண்டு நின்றாள். "அப்பா, நான் தினமும் கும்பிடறேன். அவரு கும்பிடல. எங்க ரெண்டு பேருக்கும் இதுல சண்டையே இல்ல. சண்டை முழுக்க உங்க கடையிலதான் நடக்குது" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "மாத்தளைக்கு நான் போக மாட்டேன். அதையும் சொல்லிட்டேன்" என்று உள்ளே போனாள்.

முதலாளி பதில் சொல்லவில்லை. லாவணிச் சட்டப்படி பார்த்தால் அன்று அவர் மகளிடமும் தோற்றார்.

தேருக்கு முந்திய நாள்

மத்தியானப் பூசை முடிந்திருந்தது. மண்டபத்தில் கோயில் கூட்டம் முழுவதும் உட்கார்ந்திருந்தது. பந்தலுக்குக் கட்டிய பச்சைத் தென்னோலையின் மணமும், அடுத்த நாள் அன்னதானத்துக்கு வறுத்த மல்லியின் மணமும் கலந்து வந்தன. குணசேகரன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தான். மாஸ்டர் தூணோரம். நானா வெளியே வேலியோரமாக, மழை இல்லாமலே குடை பிடித்தபடி நின்றார். வசந்தா பெண்கள் பக்கம், தாயோடு.

முதலாளி பழைய டேப்பைக் கொண்டுவந்திருந்தார். அடித்துப் பார்த்தார். பிறகு அதைப் பக்கத்தில் நின்ற கோயில் செயலாளரிடம் கொடுத்துவிட்டார்.

"பாட்டு வரல. பேச்சாவே கேக்கிறேன். இத்தனை மாசமா நாங்க கேட்டதெல்லாம் இந்தத் தம்பிய மடக்கறதுக்குக் கேட்டது. இது அப்படியில்ல. எனக்குத் தெரியணும்." குணசேகரனைப் பார்த்தார். "என் புள்ள இந்தச் சந்நிதியில கண்ண மூடி நிக்கிறப்ப, நீங்க எங்க நிப்பீங்க?"

குணசேகரன் உடனே பேசவில்லை. பதில் வராது என்று எண்ணிய செயலாளர், தோல்வியை அறிவிக்க டேப்பில் கையை ஓங்கினார்.

"பக்கத்துல நிப்பேன் மாமா" என்றான். முதலாளியை அவன் மாமா என்று அழைத்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "கண்ணத் தொறந்துக்கிட்டு நிப்பேன். கூட்டத்துல யாரும் அவங்கள இடிச்சிட்டுப் போயிராம பாத்துக்குவேன்."

ஓங்கிய கை இறங்கியது. செயலாளர் சட்டம் தெரிந்த மனிதர். வருத்தத்தோடு சொன்னார்: "பதில் சொல்லிட்டாரே முதலாளி."

வசந்தா தலையைக் குனிந்தாள். மாத்தளைத் தரகர் கூட்டத்தின் கடைசி வரிசையில் இருந்து சற்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

முதலாளி தலையைத் திருப்பினார். கோயில் வாசலைப் பார்த்தார். அங்கே கையில் அரிவாளோடு, உருட்டி விழித்த கண்ணோடு, முனியாண்டி நின்றார். முதலாளியின் முகத்தில் ஒரு மாற்றம் வந்தது. பழைய லாவணி வாத்தியாரை நான் அன்றுதான் பார்த்தேன்.

"இருங்க. நான் இன்னும் முடிக்கல" என்றார். "எங்க தோட்டத்துல ரோதைமுனி இருந்தாரு. தேயிலைத் தொழிற்சாலையில சுத்துற ரோதைச் சக்கரத்துக்குக் காவல். இங்க வாசல்ல முனியாண்டி, அம்மனுக்குக் காவல். முனி என்னைக்காவது கண்ண மூடிக் கும்பிட்டு யாராவது பாத்திருக்கீங்களா?"

"இல்ல" என்றது கூட்டம்.

"கும்பிடாததால முனிய யாராவது நாத்திகர்னு சொல்லியிருக்கீங்களா?"

"இல்ல!"

"கும்பிடறவளுக்குப் பக்கத்துல, கண்ணத் தொறந்து காவல் நிக்கிறது யாரு வேலை?"

"முனி வேலை!"

"அப்ப இவரு யாரு கட்சி?"

"முனி கட்சி!" என்று மண்டபம் முழங்கியது. வேலிக்கு வெளியே நானாவும் குடையை உயர்த்தியது எனக்குத் தெரிந்தது.

முதலாளி குணசேகரன் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்தினார்.

"இதுல ஓட்டை இருந்தாச் சொல்லுங்க, மாப்பிள்ளை."

அந்த மாதங்களில் நான் கேட்ட வாதங்களிலேயே மோசமானது அதுதான். பத்திரிகையில் வாசகங்களைத் திருத்தும் வேலையும் பார்த்திருந்த எனக்கு, உட்கார்ந்த இடத்திலேயே பல ஓட்டைகள் தெரிந்தன. மாஸ்டர் தீக்குச்சியைத் தேடினார், கோயிலுக்குள் இருப்பது நினைவு வந்து நிறுத்தினார். அவருக்கும் தெரிந்துவிட்டது. முதலாளிக்கு எல்லோருக்கும் முன்பே தெரிந்திருக்கும்.

குணசேகரன் வாயைத் திறந்தான். வழக்கமான பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. பெண்கள் பக்கம் பார்த்தான். வசந்தா கண்ணை மூடவில்லை. நேராக அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் வாயை மூடிக்கொண்டான்.

அவன் பொய் எதுவும் சொல்லவில்லை. எதுவுமே சொல்லவில்லை. செயலாளர் கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தார், சட்டம் சட்டம்தான் என்பதுபோல. பிறகு டேப்பை ஓங்கி அடித்தார்.

முதலாளி தான் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பொதியை எடுத்துப் பிரித்தார். அந்துருண்டை வாசம் தென்னோலை வாசத்தையும் மீறி வந்தது. வென்ற வாத்தியார், தோற்ற கட்சிக்குப் பட்டு வேட்டியைப் போர்த்திவிட்டார். தோற்றாலும் வென்றாலும் போர்த்துவது என்று முன்பே தீர்மானித்துத்தான் வேட்டியைக் கொண்டுவந்தாரா என்பதை அவரிடம் நான் கேட்கவில்லை. சில கேள்விகளுக்குப் பதில் வராமல் இருப்பதே நல்லது.

தேர்ச் செய்தியை மறுநாள் கொழும்புக்கு அனுப்பினேன். "தேர்த் திருவிழா சிறப்பாக நடைபெற்றது" என்று சுருக்கிப் போட்டார்கள். கல்யாணம் அதே மண்டபத்தில் நடந்தது. வசந்தா கண்ணை மூடிக் கும்பிட்டாள். மாப்பிள்ளை கண்ணைத் திறந்தபடி பக்கத்தில் நின்று, நெரித்துக்கொண்டு வந்த ஒரு சித்தப்பாவைக் கையால் தடுத்தான். அதன் பிறகு கோயிலில் யாராவது மணிக்கூட்டு வாதத்தையோ கூட்ட வாதத்தையோ எடுத்தால் முதலாளிக்கு ஆகாது. "அம்மனுக்கு வக்கீல் வேணாம்யா. அதுவும் இந்த மாதிரி வக்கீல்" என்று சொல்லி, விபூதியைப் பூசிக்கொண்டு சந்நிதிக்குள் போய்விடுவார்.

பல காலம் கழித்து, கண்டி வாவிக்கரையில் குணசேகரனோடு நடந்துகொண்டிருந்தபோது கேட்டேன்: "அன்னைக்கு அந்த முனியாண்டி வாதத்துல ஓட்டையே தெரியலியா உனக்கு?"

"தெரியாம என்ன? ஒரு கல்யாண ஊர்வலமே மேளதாளத்தோட நுழைஞ்சு போற அளவுக்கு இருந்திச்சு" என்றான். "அதான் நுழைஞ்சிட்டோம்."